சாவுமாடு

மாட்டை ஓட்டி விட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில், அது படுத்துக்கிடந்த இடத்து வைக்கோல் சூடாக இருந்தது.

வாரின் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தான். வெளியே நவம்பர் மூடுபனி கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் மறு கோடியில், மனிதர்கள் படுக்கும் பக்கத்தில், அடுப்பு அவிந்து கிடந்தது. கொட்டிலின் தரைக்கல் காலைக் கடித்தது. அந்த ஓரிடம் மட்டும், பெரிய உடம்பொன்று இப்போதுதான் எழுந்து போனதுபோல, ஈரமும் வெதுவெதுப்புமாக அமுங்கியிருந்தது. பசு வந்து படுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பசு எதிர்ச் சுவரோரம் கட்டப்பட்டிருந்தது. அதன் கயிறு இங்கே எட்டாது.

கையை முகர்ந்தான். மாட்டு வாசனைதான். அதற்கு அடியில் வெங்காயமும் புளித்த பீரும் கலந்த இன்னொரு வாசனை. அவனுடைய அப்பாவின் மூச்சு வாசனை.

தட்டிக்கு அந்தப் பக்கம், கட்டிலில், அப்பா ஆஸ்பர்ட் செத்துக் கிடந்தார். கிழவர் போனது முந்தாநாள் சாயங்காலம். ஊருக்கு இன்னும் தெரியாது.

தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. அந்த ஊர்க் குடியானவன் கண்ணை மூடினால், மூடும் அந்த நேரத்தில் வீட்டில் நிற்கிற சிறந்த உருப்படி நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவுக்குப் போய்விடும். அதற்கடுத்த உருப்படி கோயிலுக்கு. சாவுமாடு என்பார்கள். பிள்ளை பிறந்தால் எட்டிப் பார்க்காத பிரபு, சாவென்றால் மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்பார். சந்தையில் என்றால் மாட்டுக்குப் பல் சரியில்லை, சுழி சரியில்லை என்று எதையாவது சொல்லி இழுத்துப் பார்க்கலாம். இதில் பேரத்துக்கு இடமே இல்லை. ஆஸ்பர்ட் வீட்டில் இருந்ததோ ஓர் உழவுமாடு, ஒரு பசு. ஊரில் ஆளுக்கொரு மாடாகக் கொண்டுவந்து சேர்த்துப் பூட்டினால்தான் ஏர் நகரும். மாடு இல்லாதவனுக்கு ஏரில் பங்கு கிடையாது. உழாத நிலம் தரிசு. தரிசு போட்டவனுக்கு அப்புறம் நிலமே கிடையாது.

ஆகவே அப்பாவின் உடம்பு ஆறுவதற்குள் வாரின் மாட்டை அவிழ்த்தான். மூடுபனிக்குள் மலையைத் தாண்டி, வேறொரு பிரபுவின் எல்லையில் இருந்த மச்சான் வீட்டில் கட்டிவிட்டுத் திரும்பினான். இனி நிதானமாகப் போய், அப்பா இப்போதுதான் போனார் என்று அழவேண்டியதுதான் பாக்கி. கெட்டிக்கார வேலை. அவனுக்கே அப்படித்தான் தோன்றியது, அப்பாவின் முகத்தைப் பார்க்காத வரைக்கும்.

கிழவர் கடைசியாகக் கேட்டது பாதிரியாரைத்தான். "கூப்பிடுடா, பாவத்தைச் சொல்லிட்டுப் போயிடறேன்," என்றார். பாதிரியார் வந்தால் முன்னால் ஒருத்தன் கைமணி அடித்துக்கொண்டு வருவான். மணிச் சத்தம் கேட்ட அடுத்த நிமிடம், பிரபுவுக்காக வசூல் பார்க்கும் மணியக்காரர் கொட்டில் வாசலில் நின்றுவிடுவார். "நாளைக்குப்பா," என்றான் வாரின். ஆஸ்பர்ட் அவனைப் பார்த்தார். கோபமில்லை. கணக்குப் புரிந்த பார்வை. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு அந்தக் கணக்கு தெரியாததா? அவருடைய அப்பா செத்தபோதும் மாடு போயிற்று. அந்த வருஷம் ஆஸ்பர்ட் மண்கட்டி உடைக்கும் பரம்புப் பலகையின் கயிற்றைத் தன் தோளிலேயே மாட்டி, தவழாத குறையாக வயல் முழுக்க இழுத்தார். வலது தோளில் அந்தக் கயிறு தின்ற தழும்பு, செருப்புத் தோல் மாதிரி கறுத்துக் கிடந்தது.

"இந்தாய்யா," என்றாள் வாரினின் மனைவி மாபல், தட்டிக்கு அப்பாலிருந்து. "கொட்டில்ல என்ன சத்தம்?"

"பசு அசை போடுது."

"பசு படுத்துத் தூங்குது. இங்கேர்ந்தே தெரியுது. நீ கேளு."

கேட்டான். ஈரமான, அவசரமில்லாத மெல்லும் சத்தம். மென்று, நிறுத்தி, மூக்கால் நீளமாக இழுத்து மூச்சு விட்டு, மறுபடி மெல்லும் சத்தம். காலியாகக் கிடந்த பக்கத்திலிருந்து வந்தது. மூச்சின் முடிவில் சின்னதாக ஒரு விசில். ஆறு மாத இருமலில் அப்பாவுக்கு வந்த விசில்.

"எலி," என்றான்.

"எலியா? இவ்வளவு பெரிய வாயி வச்ச எலியா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா மொகத்தை நீ மூடினியா?" என்று கேட்டாள்.

"நான் கிட்டயே போகலையே."

"நானும் போகல."

இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள். கம்பளி தலைவரைக்கும் இழுத்து மூடியிருந்தது. கம்பளிக்கு அடியில் உடம்பு இருந்த மேடு நேற்றைவிடத் தாழ்ந்திருந்ததாக வாரினுக்குப் பட்டது. விலக்கிப் பார்க்கலாம். கை போகவில்லை. பயத்தால் இல்லை, அவர் கண்ணைத் திறந்து, "நாளைக்குன்னியே" என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

பொழுது சாயும்போது பசு எழுந்து, கயிறு இழுபட நின்று, காலியிடத்தை நோக்கி நாக்கை நீட்டி நக்கியது. ஜோடி மாட்டின் கழுத்தை நக்குவதுபோல, மேலிருந்து கீழாக, பொறுமையாக. வெறும் காற்றை. ஆனால் உயரம் சரியில்லை. மாட்டின் கழுத்துக்கு அது மிகவும் தாழ்வு.

வாரின் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மணியக்காரர் கில்பர்ட்டும் ஒரு குடியானவர்தான். குடியானவர்களின் தில்லுமுல்லு அத்தனையும் தெரியும் என்பதாலேயே பிரபு அவரை அந்த வேலையில் வைத்திருந்தார்.

"அப்பா போயிட்டாருண்ணே. இப்பத்தான்."

"அடடா. பாதிரியார் வந்தாரா?"

"இல்லண்ணே. திடீர்னு..."

"திடீர்னா? ஆறு மாசமா இருமிட்டிருந்த மனுஷன் திடீர்னு போனாராக்கும்." விளக்கை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார். "ஒண்ணும் மனசுல வச்சுக்காத தம்பி. ஊர்ல எவன் செத்தாலும் அன்னிக்கு அவன் வீட்டு மாடு நொண்டும். ஒருத்தன் மாட்டைப் பரண்ல ஏத்தி ஒளிச்சு வச்சான். நான் கீழ நின்னு ஆறுதல் சொல்லிட்டிருக்கேன், மேலேர்ந்து தொப்பியில சாணி விழுது." அவரே சிரித்துவிட்டு நிறுத்தினார். "நேத்து மலைப்பக்கம் யாரோ மாடு ஓட்டிட்டுப் போனதா சொன்னாங்க."

வாரின், மாடு நோயில் செத்தது என்று சொல்ல ஒரு கதை வைத்திருந்தான். அதைச் சொல்லாமலே விளக்குக்குப் பின்னால் நடந்தான்.

வாசலில் மாபல் நின்றாள். கட்டில் பக்கம் போகத் திரும்பிய வாரினை மணியக்காரர் தடுத்தார். "மொதல்ல மாட்டைப் பாத்துடுவோம். உங்கப்பா எங்க எழுந்து போயிடப் போறார்?"

விளக்கு கொட்டிலுக்குள் நுழைந்தது.

"அட," என்றார் கில்பர்ட். குரல் இளகிவிட்டது. "நிக்குதே! நான்தான் கண்டவன் பேச்சைக் கேட்டு... மன்னிச்சுக்க தம்பி. உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்."

அவர் குனிந்து எதையோ தட்டிக்கொடுத்தார்.

வாரின் பார்த்தான்.

கையும் முழங்காலும் தரையில். படுக்கையில் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. கழுத்தில் மாட்டின் கயிறு. தாடை பக்கவாட்டில் அசைந்துகொண்டிருந்தது. உதட்டோரம் வைக்கோல்.

கில்பர்ட்டின் உள்ளங்கை முதுகெலும்பின் மேல் ஓடியது. "இளைச்சிருக்கு." தோளில் நின்றது. "நுகத்தடித் தழும்பைப் பாரு. உழைச்ச மாடுப்பா." கட்டைவிரலால் உதட்டை விலக்கினார். விளக்கைக் கிட்டே கொண்டுபோனார். அப்பாவின் மிச்சமிருந்த பற்கள் மஞ்சளாகத் தெரிந்தன. "வயசாச்சு. பரவால்ல."

மாபல் சுவரில் சாய்ந்தாள். அவளும் பார்த்துவிட்டாள்.

"வழக்கம் தெரியுமில்ல?" என்றார் கில்பர்ட். "வாரிசுதான் கயித்தை என் கையில குடுக்கணும். இது எங்க வீட்டு மாடு, இதுக்கு மேல ஒசந்தது எங்களுக்கு இல்லேன்னு வாயால சொல்லணும்."

ஆஸ்பர்ட் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார்.

இல்லை என்று சொல்லலாம். இது எங்கள் அப்பா என்று சொல்லலாம். சொன்னால் மாடு எங்கே என்பார்கள். மலையைத் தாண்டி ஆள் போகும். மாடு போகும், நிலம் போகும். ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

அப்பா காத்திருந்தார்.

"எங்க வீட்டு மாடுதான்," என்றான் வாரின். "இதுக்கு மேல ஒசந்தது எங்களுக்கு இல்ல."

கிழவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மகனுக்காக அவர் வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

கயிறு கை மாறியது. முழங்கால்கள் கல்லில் உரசிக்கொண்டு வாசலைக் கடந்தன. சேற்றில் மணியக்காரரின் செருப்புத் தடத்துக்குப் பக்கத்தில், விரல்கள் விரிந்த உள்ளங்கைத் தடங்கள். அவை மூடுபனிக்குள் போயின.

மாபல் கம்பளியை விலக்கினாள். கட்டிலில் யாரும் இல்லை. அவள் கொட்டிலிலிருந்து வைக்கோல் அள்ளி வந்து, ஆள் நீளத்துக்குக் கட்டி, பிணத்துணிக்குள் வைத்துத் தைத்தாள். வைக்கோல் இன்னும் சூடாக இருந்தது. காலையில் பாதிரியார் அதற்கு மணியடித்து, அதற்காக மன்றாடி, அதைப் புதைத்தார். கோயில் பங்குக்குப் பசுவை ஓட்டிக்கொண்டு போனார்.

குழி மூடிய கையோடு பிரபுவின் வயலுக்கு ஆள் கூப்பிட்டார்கள். வாரத்தில் தனக்குரிய நாளில் பிரபுவுக்கு உழைக்கவேண்டியது குடியானவன் கடமை; சாவென்று விலக்கு கிடையாது. வயலெல்லாம் உறைபனி. ஏர் பூட்டித் தயாராக நின்றது. பெரிய மாடுகளின் மூச்சு வெள்ளையாக எழுந்துகொண்டிருந்தது. கடைசி ஜோடியில், வெளிப்பக்கம், நுகத்தடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை. ஊன்றியிருந்த விரல்கள் மண்ணில் நீலம் பாரித்திருந்தன. மூச்சின் முடிவில் விசில்.

ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை.

கில்பர்ட் தார்க்குச்சியைக் கொண்டுவந்து வாரினின் கையில் வைத்தார். "நீயே ஓட்டு தம்பி. புது எடத்துல மெரளும். உங்க வீட்டு மாடு, உனக்குத்தான் அடங்கும்."

வாரின் நின்றான்.

"என்ன யோசனை? பொழுது போகுதில்ல. குத்து!"

யாரோ சிரித்தார்கள். வாரின் தார்க்குச்சியைத் தூக்கினான். இரும்பு முனையில் பனி ஒட்டியிருந்தது. அது அப்படியே காற்றில் நின்றது.

ஆஸ்பர்ட் திரும்பிப் பார்த்தார். பிறகு, மகனுக்கு வாகாக இருக்கட்டும் என்று, தழும்பேறிய தோளை மெல்லத் தாழ்த்திக் கொடுத்தார்.