பேரியம் குடித்த காலை

அவள் திரும்பிய வேகத்தில் கையிலிருந்த கப் சாய்ந்தது. எதிரே வந்தவனின் சட்டையில் வெள்ளையாய் வழிந்தது.

"அடடா... சாரிங்க..." என்று நிமிர்ந்தவள், அந்தக் கண்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

இவனா... இத்தனை பேர் இருக்க, இவனா வர வேண்டும்...

அக்காவின் கொழுந்தன். மர வேலை செய்பவன். வீட்டில் எல்லோருக்கும் அவன் 'சின்னவர்'. வலது மணிக்கட்டில் கட்டு, இடது கையில் எக்ஸ்ரே சீட்டு.

அவளோ... ஆஸ்பத்திரி கொடுத்த நீலக் கவுனில். முதுகுப் பக்கம் இரண்டே முடிச்சு, அதை ஒரு கையால் சேர்த்துப் பிடித்திருந்தாள். கலைந்த தலை, உதட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு. நின்ற இடத்திலேயே கரைந்து போய்விட மாட்டோமா என்றிருந்தது.

"டீச்சர்... நீங்க எங்க இங்க?"

"சும்மா... ஒரு டெஸ்ட்."

சும்மா யாராவது இந்தக் கோலத்தில் நிற்பார்களா... சொன்ன பிறகு அவளுக்கே கூசியது.

அவன் சட்டையைப் பார்த்தான். "என்னது இது? மரத்துக்கு அடிக்கிற ப்ரைமர் மாதிரி இருக்கு."

"பேரியம். எக்ஸ்ரேல தெரியறதுக்காகக் குடிக்கிறது."

"இதையா? ருசி எப்படி?"

"சாக்பீஸைக் கரைச்ச மாதிரி. எனக்குப் பழக்கம்தான்... அதோடதானே பொழப்பு."

சிரித்துவிட்டாள். சிரித்ததும், தன் பல்லெல்லாம் வெள்ளையாக இருக்குமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆறு மாதமாக அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்குவதில்லை. நெஞ்சுக்கு நடுவே நின்றுகொள்ளும். தண்ணீர் குடித்தால் அதுவும் எதிர்த்து வரும். பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். மதியம் மற்ற டீச்சர்கள் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட, அவள் மட்டும் விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய், பந்துக் கூடைக்குப் பக்கத்தில் நின்றபடி விழுங்கிப் பார்ப்பாள். விழுங்கியது வெளியே வந்துவிட்டால் யாரும் பார்க்கக் கூடாதே...

ஆனால் பார்த்துவிட்டார்கள். மூன்று வாரம் முன்பு, அக்காவின் மாமியார் வீட்டு விருந்தில். நாலு வாய் இறங்கியது. ஐந்தாவது நின்றுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடியவள், யாரிடமும் சொல்லாமல் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள்.

மறுநாள் அக்கா போனில் அழுதாள். "நம்ம வீட்டுச் சாப்பாடு உன் தங்கச்சி தொண்டையில இறங்கலையான்னு கேக்கறாங்கடி. அத்தை என்கிட்ட முகம் கொடுத்தே பேசல. என்னதான் ஆச்சு உனக்கு?"

அவள் ஏதோ வேலை என்று போனை வைத்துவிட்டாள். கல்யாணம் ஆகாதவள்... வாந்தி என்று ஒரு சொல் வெளியே போனால், ஆளுக்கொரு கதை கட்டமாட்டார்களா?

"எதுக்கு டீச்சர் இந்த டெஸ்ட்?" என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. எக்ஸ்ரே எடுக்கும் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"சாப்பாடு நெஞ்சுல நிக்குதுன்னு வந்த டீச்சரம்மா, உள்ள வாங்க. கொட்டிட்டீங்களா... பரவாயில்ல, வேற கலக்கித் தர்றேன்."

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் அவனை மட்டும் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

உள்ளே பலகை முதுகில் சில்லிட்டது. "வாயிலயே வச்சிருங்க... இப்ப முழுங்குங்க." திரையில் ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. நெஞ்சுக்குக் கீழே வந்ததும் தயங்கி, நூல் மாதிரி மெலிந்து, நின்றது. ஆறு மாதம் ஒளித்து வைத்தது, இதோ, இவ்வளவு வெளிச்சமாக...

மூன்றாவது வாய் கவுனிலேயே வந்துவிட்டது. அவள் விம்மினாள்.

"இதுக்கா அழுவாங்க? தினம் நாலு பேர் இப்படித்தான் கண்ணு," என்று அந்த அம்மாள் துடைத்துவிட்டார்.

இதற்கில்லை... கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு எல்லாம் கேட்டிருக்குமே, அதற்கு.

படத்தைப் பார்த்த டாக்டர், உணவுக் குழாயின் அடியில் சுருக்கம் இருக்கிறது, விரித்துவிட்டால் சாப்பாடு இறங்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். உடை மாற்றி வெளியே வந்தபோது, ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. சின்னவர் அதே பெஞ்சில் இருந்தான்.

"உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சா?"

"கூப்பிட்டாங்க... போகல."

"போங்க. யாரும் என்னைப் பாத்துப் பரிதாபப்பட வேணாம்."

"பரிதாபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு..." அவன் குரல் இறங்கியது. "நம்ம வீட்டுச் சாப்பாடு இறங்கலையான்னு அன்னிக்கு மொதல்ல கேட்டது நான்தான் டீச்சர். அம்மா அதைத் திருப்பிச் சொன்னாங்க, அவ்வளவுதான்."

போகத் திரும்பியவள் நின்றுவிட்டாள். "ஏன்? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

அவன் தரையைப் பார்த்தான். முகம் கறுத்திருந்தது.

"அண்ணன் கல்யாணத்துல பாத்ததுலேர்ந்து... உங்க நினைப்புதான். நீங்க வர்றீங்கன்னு விடியறதுக்குள்ள எழுந்து நானே சமைச்சேன். நீங்க ஓடினதும் என்னையே வேணாம்னு தள்ளின மாதிரி ஆயிடுச்சு. அந்த ரோஷத்துல நாக்கு நீண்டுடுச்சு. உடம்புக்கு முடியாத ஒருத்தரைப் போய்... வெக்கமா இருக்கு."

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"அம்மாகிட்ட சொல்லட்டுமா? நீங்க சரின்னாதான்."

அவள் மெல்லத் தலையசைத்தாள். அவன் இடது கையால் தடுமாறி நம்பரை அழுத்தினான்.

"அம்மா... இனிமே அண்ணிய ஒண்ணும் சொல்லாதீங்க. டீச்சருக்குச் சாப்பாடு இறங்காம ஒரு கோளாறு இருக்கு. அதான் அன்னிக்கு ஓடினாங்க. விசாரிக்காமப் பேசினது நான்... தப்பு என்னோடது." அந்தப் பக்கத்துக் குரலை நெடுநேரம் கேட்டான். "சரிம்மா... சொல்றேன்."

போனை வைத்தான். "அம்மா உங்களைப் பாக்க வரணுமாம்... திட்டு முழுக்க எனக்குத்தான்."

அவள் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றி... அவிழ்த்து... மறுபடி சுற்றி...

"ஆறு மாசமா யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்க மாட்டேன். பசியில்லன்னு சொல்லிடுவேன்."

"அப்ப... எங்க வீட்டுல மட்டும் ஏன் சாப்பிட உக்காந்தீங்க?"

காது மடல் சுட்டது. ஆனாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நீங்க சமைச்சதுன்னு அக்கா சொன்னா..."