புகார் பிரிவு, ஒன்றாம் வகுப்பு

பொடியனின் சாப்பாட்டு டப்பா அன்றும் கனமாகத்தான் வீட்டுக்கு வந்தது.

பையிலிருந்து எடுத்த உடனேயே வக்கீல் கண்டுபிடித்துவிட்டாள். காலி டப்பா என்றால் உள்ளே ஸ்பூன் கலகலவென்று ஆடும். இது வாயே திறக்கவில்லை. பள்ளி திறந்து நான்கு நாள். நான்கு நாளும் இதே கதை.

வக்கீல் என்பது அவள் நிஜப் பெயர் இல்லை. அவள் படிப்பது ஐந்தாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்கிறாள் என்று அப்பா வைத்த பட்டம் அது. ஒன்றாம் வகுப்புத் தம்பிக்குப் பொடியன் என்று அவள் பட்டம் வைத்தாள். தனக்கு மட்டும் இருந்தால் நியாயமா?

அறையின் மூலையில், மேசை முன்னால், தலையில் ஹெட்செட்டோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். துணி துவைக்கும் மெஷின் விற்கும் ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களை, வீட்டிலிருந்தபடியே போனில் கேட்டு எழுதிக்கொள்வது அவள் வேலை.

"வணக்கம். உங்கள் புகார் எங்களுக்கு ரொம்ப முக்கியம். சொல்லுங்க சார்... தண்ணி வெளிய போகலையா? சரி சார்... ஐயோ, மெஷினை உதைக்காதீங்க சார்!"

வாய் அங்கே பேசிக்கொண்டிருக்க, கண் இங்கே டப்பாவைப் பார்த்தது. முகம் வாடிப்போனது.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள்: "ஏண்டா சாப்பிடல? பிடிக்கலையா?"

"பிடிக்கும்."

"பசிக்கலையா?"

"பசிக்குது."

"அப்புறம் என்னடா?"

பொடியன் தன் கால் விரல்களை எண்ண ஆரம்பித்தான். பத்து இருந்தது. மறுபடி எண்ணினான்.

அம்மா பெருமூச்சு விட்டாள். டப்பாவின் நான்கு பக்கமும் டப், டப், டப், டப் என்று திறந்து, சாப்பாட்டைச் சூடு பண்ணி வைத்தாள். பொடியன் நின்றபடியே மொத்தத்தையும் வழித்துத் தின்றான்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா போன் செய்தார். அவர் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே தெரு வரைக்கும் கேட்கும்.

"இன்னிக்கும் சாப்பிடலையா? நீ வீட்டுல சும்மாதானே இருக்க. ஒரு பிள்ளையைச் சாப்பிட வைக்க முடியலையா?"

அம்மா "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வக்கீலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சும்மாவா? காலையிலேருந்து நாப்பத்தோரு பேர் உன்னைத் திட்டியிருக்காங்க. பெரியம்மா நாப்பத்திரெண்டாவது. அவங்க புகாரையும் எழுதிக்கோ."

அம்மா சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து எல்லாரும் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மா வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகும். அப்பாவும் பஸ் பணிமனையிலிருந்து ஏழு மணிக்கு முன்னால் வர முடியாது. பள்ளி விட்டதும் இவர்கள் இரண்டு பேரும் பூட்டின வீட்டின் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

அதனால்தான் அம்மா ஒரு வலைப்பூ தொடங்கியிருந்தாள். வலைப்பூ என்றால் இணையத்தில் நாமே எழுதி நாமே நடத்துகிற பத்திரிகை மாதிரி. எழுத்தை நம்பிக் கம்பெனியை விட்டுவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். முதலில் சமையலைப் பற்றி எழுதினாள். அப்புறம் செடி வளர்ப்பு. அப்புறம் உடற்பயிற்சி. உடற்பயிற்சியில் இடுப்பு பிடித்துக்கொண்டதால் அது ஒரே வாரத்தில் முடிந்தது. எல்லாவற்றையும் சேர்த்து நான்கு பேர் படித்தார்கள்: அப்பா, வக்கீல், பெரியம்மா, அம்மா.

பெற்றோருக்கான ஓர் இணைய இதழுக்கு வாரம் ஒரு கட்டுரை எழுத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அம்மா தன் வலைப்பூவை அனுப்பியிருந்தாள். இன்று பதில் வந்திருந்தது. வக்கீல் அதைத் திரையில் எட்டிப் படித்தாள்.

"நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் எல்லாரும் எழுதுவதையே எழுதுகிறீர்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன? வெள்ளிக்கிழமைக்குள் அதை எழுதி அனுப்புங்கள்."

"எனக்கு மட்டும் தெரிஞ்சதா?" அம்மா முணுமுணுத்தாள். "எனக்கு என்னடி தெரியும்?"

"கடைசியா என்ன எழுதின?"

"அடம்பிடிக்கும் பிள்ளையைச் சாப்பிட வைக்கப் பத்து வழிகள்."

"பத்து வழியும் நம்ம வீட்டுலயே வேலை செய்யலையேம்மா!"

சொன்ன பிறகுதான் வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

அன்று வக்கீல் முடிவு செய்தாள். பத்திரிகைக்காரர் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. ஆனால் டப்பா ஏன் காலியாவதில்லை என்பதையாவது கண்டுபிடித்தே தீருவாள். பொடியனைக் கேட்டால் கால் விரலைத்தான் எண்ணுவான். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

மறுநாள் மதிய மணி அடித்ததும் தன் சாப்பாட்டை நான்கே வாயில் முடித்துவிட்டு, ஒன்றாம் வகுப்பு வராந்தாவுக்கு ஓடினாள்.

"ஐந்தாம் வகுப்புக்கு இங்க என்ன வேலை?" என்றார் மிஸ்.

"ஒண்ணு பாக்கணும் மிஸ். தூரத்துலேருந்து பாத்துட்டுப் போயிடறேன்."

"யாரைப் பாக்கணும்?"

"என் தம்பியோட டப்பாவை."

மிஸ் ஒரு கையால் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் இன்னொரு பிள்ளையின் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு நீள வரிசை. "என்னவோ பாரு" என்று விட்டுவிட்டார்.

வக்கீல் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பொடியன் கை கழுவக் குழாயடியில் நின்றான். குழாய் எட்டவில்லை. நுனிக்காலில் எக்கினான். ஒருவழியாகக் கழுவிவிட்டு வந்து டப்பாவை எடுத்தான். கட்டைவிரலால் மூடியின் கொக்கியை நெம்பினான். நகம் வெளுத்தது. முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தான். பல்லை வைத்துப் பார்த்தான். டப்பா அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு இழுப்பதை விட்டுவிட்டான். சுற்றும்முற்றும் பார்த்தான். டப்பாவைப் பைக்குள் வைத்தான். சாப்பிட்டு முடித்தவனைப் போல வாயைத் துடைத்துக்கொண்டான்.

வக்கீல் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்காமல் டப்பாவை எடுத்து டப், டப், டப், டப்.

பாதிச் சாப்பாடு உள்ளே போன பிறகுதான் கேட்டாள். "மிஸ்கிட்ட குடுக்க வேண்டியதுதானே?"

"வரிசை பெருசுக்கா. என் முறை வர்றதுக்குள்ள பெல் அடிச்சுடும்."

"அம்மாகிட்ட சொல்லலாம்ல?"

பொடியன் மெல்லுவதை நிறுத்தினான். "அம்மா பெரியம்மாகிட்ட சொன்னாங்கல்ல. என் பையன் பெரியவனாயிட்டான், எல்லாத்தையும் அவனே செஞ்சுக்குவான்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீயும் சொல்லாதேக்கா. சத்தியம் பண்ணு."

வக்கீல் சத்தியம் பண்ணினாள்.

"அக்கா, இதையும்" என்று ஒரு சின்னக் கை நீண்டது. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இன்னொருவன். வக்கீல் அன்று பதினோரு டப்பா திறந்தாள்.

ஒரு பையன் மட்டும் தண்ணீர்ப் பாட்டிலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"உனக்கும் திறந்து தரவா?"

"வேணாம்" என்று அவள் காதருகில் வந்தான். "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். பேண்ட் கொக்கியை என்னால கழட்ட முடியாது."

அப்போது பெல் அடித்தது.

மாலை வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தியம் அவளை விடவில்லை. சொன்னால் பொடியனை ஏமாற்றியதாகிவிடும். சொல்லாவிட்டால் நாளைக்கும் பட்டினி. அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தாள். அம்மா திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு மூன்றே நாள். திரை வெள்ளையாக இருந்தது.

ஏழு மணிக்கு அப்பா வந்தார். பஸ் எஞ்சின் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் தடித் தோல் கையுறைகளைக் கதவோரம் வைத்தார். வக்கீல் அவற்றைப் பார்த்தாள். கிரீஸ் வாசம் வீசுகிற, விரல் மடங்காத கையுறைகள்.

"அப்பா, இது எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"ஒரு வழக்கு இருக்கு."

மூடின டப்பாவை அம்மா முன்னால் வைத்தாள். பக்கத்தில் கையுறைகளை வைத்தாள். "இதை மாட்டிக்கிட்டு டப்பாவைத் திறம்மா."

"விளையாட நேரமில்லடி."

"ஒரே நிமிஷம். நீ காலையிலேருந்து சாப்பிடல. பசி உயிர் போகுது. பெல் அடிக்க அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. சுத்தி எல்லாரும் சாப்பிடுறாங்க. திற."

அம்மா சலித்துக்கொண்டே கையுறைகளை மாட்டினாள். கொக்கியை நெம்பினாள். வழுக்கியது. மறுபடி நெம்பினாள். டப்பா மேசையில் சறுக்கிக்கொண்டு ஓடியது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. முழங்காலில் இடுக்கினாள். இழுத்தாள். கடைசியில், தன்னை அறியாமலே, பல்லைக் கொண்டுபோனாள்.

"பல்லு வேணாம்மா!" என்று பொடியன் கத்தினான். "நான் வெச்சுப் பாத்துட்டேன். பல்லுதான் ஆடுது."

சொன்ன வேகத்தில் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நான் சொல்லல. நீயாத்தான் சொன்ன" என்று வக்கீல் அவசரமாகத் தம்பியிடம் சொன்னாள்.

அம்மா மெதுவாகக் கையுறைகளைக் கழற்றினாள். "கடையில நாலு தடவை திறந்து மூடிப் பாத்துத்தான் வாங்கினேன். கசியுமா, உடையுமான்னு கேட்டேன். இதைத் திறக்கப் போறது யாருன்னு நானும் நினைக்கல, செஞ்சவனும் நினைக்கல." அவள் முகம் சிவந்தது. "பத்து வழி எழுதினேனே! அதுல ஒண்ணாவது, பிள்ளையைக் கேளுன்னு இருக்கா?"

பொடியன் மறுபடி கால் விரல்களை எண்ணப் போனான்.

அம்மா விடவில்லை. நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். ஹெட்செட்டை மாட்டினாள். குரலைச் சரிசெய்தாள்.

"வணக்கம். உங்கள் புகார் எங்களுக்கு ரொம்ப முக்கியம். சொல்லுங்க சார்."

பொடியன் களுக்கென்று சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. விரல்களை விசைப்பலகையில் வைத்துக் காத்திருந்தாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"டப்பா..."

"சத்தமா சொல்லுங்க சார், லைன் சரியில்ல."

"டப்பா திறக்கல!"

"எந்தப் பக்கம் சார்?"

"நாலு பக்கமும்! அந்த மூலையில இருக்கிறது ரொம்ப மோசம். அப்புறம், பை ஜிப் பாதியில நின்னுடுது. குழாய் எட்டல. சட்டையோட மேல் பட்டன் கழுத்தைக் கடிக்குது." மூச்சு வாங்கினான். "என் ஃப்ரெண்டுக்குப் பேண்ட் கொக்கி... வேணாம், அவன் வெக்கப்படுவான்."

"பேர் எழுத மாட்டோம் சார். தைரியமா சொல்லுங்க."

அவன் சொன்னான். அம்மா தட்டச்சு செய்துகொண்டே போனாள். வெள்ளைத் திரை நிரம்பியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற வக்கீல் திடீரென்று குதித்தாள்.

"அம்மா! இதுதான்! உனக்கு மட்டும் தெரிஞ்சது!"

"எதுடி?"

"புகார் கேக்கறது! மெஷின் ஓடலன்னா பெரியவங்களுக்குப் போன் போட ஒரு நம்பர் இருக்கு. டப்பா திறக்கலன்னா பொடியன் யாருக்குப் போன் போடுவான்?"

அம்மா நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பினாள். பிறகு வலைப்பூவின் தலைப்பை அழித்தாள். செடியும் உடற்பயிற்சியும் பத்து வழிகளும் போயின. புதுத் தலைப்பை எழுதினாள்: "குழந்தைகள் புகார் பிரிவு."

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் வக்கீல் ஒரு நோட்டோடு ஒன்றாம் வகுப்பு வராந்தாவில் உட்கார்ந்தாள். டப்பா திறந்து கொடுக்க ஆள் கிடைத்ததில் மிஸ்ஸுக்கும் சந்தோஷம். இருபத்து மூன்று புகார் சேர்ந்தது. பாட்டில் மூடியை அழுத்தினால் மூஞ்சியில் பீச்சுகிறது. ஷூ கயிற்றை மிஸ் கட்டினால் வலிக்கிறது, தானே கட்டினால் அவிழ்கிறது. முன்பல் இல்லாத பெண், தன் தங்கை ரப்பரைத் தின்றுவிட்டதாகப் புகார் கொடுத்தாள்.

"இது நம்ம பிரிவுல வராது" என்று சொன்னாலும் அம்மா அதையும் எழுதி வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு பொருளையும் அம்மா கையுறை மாட்டிக்கொண்டு திறந்து பார்த்தாள். எது திறந்தது, எது திறக்கவில்லை, என்ன செய்யலாம் என்று எழுதினாள். பேண்ட் கொக்கிக்குப் பதில் எலாஸ்டிக். பத்து நிமிடத் தையல். அதை வக்கீல் காதோடு சொல்ல, மிஸ் அந்தப் பையனின் அம்மாவிடம் சொல்லிவிட்டார். மறுநாள் அவன் பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, எல்லார் முன்னாலும் ஏப்பம் விட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை கட்டுரை போனது. திங்கட்கிழமை காலை பதில் வந்தது.

"படித்ததும் என் மகளின் டப்பாவைத் திறந்து பார்த்தேன். என் நகம் உடைந்துவிட்டது. வாராவாரம் எழுதுங்கள். முதல் வேலையாக நான் வேறு டப்பா வாங்குகிறேன்."

அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, ஆபீசுக்கு வர முடியாது, வேலையை விடுகிறேன் என்று கம்பெனிக்கு இரண்டே வரியில் எழுதிப் போட்டாள்.

சாயங்காலம் பெரியம்மா போன் செய்தார். "என்ன, சும்மாதானே இருக்க?"

"இல்லக்கா. ஆபீஸ்ல இருக்கேன். புகார் இருந்தா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

இந்தத் தடவை "சரி, சரி" என்று சொல்லி வைத்தது பெரியம்மா.

அப்போது வாசலில் கலகலவென்று ஸ்பூன் ஆடியது. மூடி சுலபமாகத் திறக்கும் பழைய தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டே பொடியன் வந்தான். நேராக அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, மேசையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"வணக்கம். உங்கள் புகார் எங்களுக்கு ரொம்ப முக்கியம். சொல்லுங்க சார்" என்றாள் அம்மா.

"டப்பா ரொம்பச் சின்னதா இருக்கு" என்றான் பொடியன். "சாப்பாடு பத்தல."