பொருள் ஒன்று குறைகிறது

ஒற்றை உதட்டுச்சாயத்துக்கு வந்த பெட்டி ஒரு முழ நீளம் இருந்தது.

அமுதவள்ளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் ஒரு கிடங்கில் நான்கு வருடமாக இணைய ஆர்டர்களைக் கட்டி அனுப்புகிறவள் அவள். எந்தப் பொருளுக்கு எந்தப் பெட்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். இப்படி ஒரு தப்பை அவள் செய்திருந்தால் மேலேயிருந்து நல்ல திட்டு விழுந்திருக்கும். ஆனால் இந்தப் பெட்டியை வெட்டியது அவள் இல்லை, டெய்லர்.

டெய்லர் என்பது பெண்கள் வைத்த பெயர். கம்பெனி அதற்குச் செயற்கை அறிவு என்று தொடங்கி வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தது. மேஜைக்கு மேலே கேமரா, கீழே தராசு. பொருளை வைத்தால் கேமரா அளவெடுக்கும். மேஜைக் கோடியில் நிற்கும் இயந்திரம் அந்த அளவுக்கே அட்டையை வெட்டி, மடித்துத் தள்ளும். பொருளை உள்ளே வைத்து எடை சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும், இயந்திரத்தின் தாடை இறங்கிப் பெட்டியை மூடி ஒட்டிவிடும். அட்டை மிச்சம், லோரியில் இடம் மிச்சம், பூமிக்கும் புண்ணியம் என்று சுவரில் போஸ்டர் வேறு. பார்ப்பதிலிருந்தெல்லாம் கற்றுக்கொண்டு, நாளுக்கு நாள் இன்னும் இறுக்கமாகத் தைத்துக்கொண்டே போனது அந்த டெய்லர்.

வினையே அந்த இறுக்கத்தில்தான். கண்ணாடிப் புட்டிகள் போகிற வழியில் உடைந்தன. உடைந்ததெல்லாம் கட்டியவள் பெயரில் குற்றமாக ஏறியது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் அமுதவள்ளியேதான். அளவெடுக்கும் அந்த இரண்டு நொடி, இடது கையை முழங்கை வரை பொருளுக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். கேமரா கையையும் பொருளென்று நம்பிப் பெரிய பெட்டியாகக் கொடுக்கும். பஞ்சுத்தாளைச் சுருட்டி வைத்து நிம்மதியாகக் கட்டலாம். தீபாவளி நெருக்கடியில் இந்தத் தந்திரம் எட்டு மேஜைக்கும் பரவியது. தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்பதால் யாரும் மூச்சு விடவில்லை.

ஆனால் இந்தத் திங்கட்கிழமை அவள் கையை வைக்கவே இல்லை.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உதட்டுச்சாயத்துக்கு ஒரு சின்னக் குழி. அதன் பக்கத்தில், அட்டையையே மடித்துச் செய்த நீளமான பள்ளம் ஒன்று. ஒரு பக்கம் அகலம், போகப் போகக் குறுகி, கோடியில் ஐந்தாகப் பிரிந்திருந்தது. என்ன தோன்றியதோ, தன் கையை அதில் வைத்தாள். கட்டைவிரல்வரை கச்சிதமாக உட்கார்ந்தது. சட்டென்று உருவிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து வந்தது: பொருள் ஒன்று குறைகிறது. ஒன்றரைக் கிலோ.

சூப்பர்வைசர் கமலநாதன் வந்து தன் அடையாள அட்டையைத் தட்டிச் சிவப்பை அணைத்தான்.

"அப்டேட் பண்ணிருக்காங்க லா அக்கா. கொஞ்சம் மெண்டல் ஆயிருக்கு. நாளைக்குச் சரியாயிடும்."

மறுநாள் சரியாகவில்லை. எட்டு மேஜையிலும் அப்படித்தான் வந்தது, ஆனால் பெட்டிகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. செவ்வாயன்று அந்தப் பள்ளம் முழங்கையில் மடிந்திருந்தது. புதன் காலையில் மணிக்கட்டிலும் மடிந்து, விரல்கள் பின்பக்கமாகத் திரும்பியிருந்தன. மனிதக் கை அப்படித் திரும்பாது. மாலைக்குள் பள்ளம் ஒரு பாடப்புத்தகம் அளவுக்கு வந்துவிட்டது. பசை வாடையும் சூடேறிய அட்டையின் வாடையும் மூக்கில் ஏறியிருக்க, அமுதவள்ளி அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்குள் ஒரு கையை எப்படி வைப்பது என்று அது உட்கார்ந்து யோசித்திருக்கிறது. இடத்தை மிச்சம் பிடிப்பதுதானே அதன் வேலை? எலும்புக்குள்ளும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

வியாழனன்று கமலநாதனின் அடையாள அட்டையை மேலிடம் பிடுங்கிக்கொண்டது. சிவப்பை இனி அவனாலும் அணைக்க முடியாது. பொருள் குறைந்தாலும் பெட்டி மூடிப் போய்விடும், குற்றம் கட்டியவள் பெயரில்.

அன்று சாப்பாட்டு நேரத்தில்தான் ஆறாம் மேஜையில் நிற்கும் தங்கை தாமரை மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு ரெட்டே வரல. பெட்டிக்குள்ள கையை வச்சு அமுக்குனா க்ரீன் வந்துடுது. மூடுறதுக்குள்ள உருவிக்கணும், அவ்வளவுதான்."

"பைத்தியமாடி உனக்கு? அந்தத் தாடை எறங்குற வேகம் பார்த்தியா?"

"பார்த்துத்தான் வைக்கிறேன்."

"நான் மேல போய்ச் சொல்லிடறேன் தாமரை. நாமதான் அதை ஏமாத்தினோம்னு. என் வேலை போனாப் போவுது."

தாமரை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உன்னுது மட்டுமா போவும்? நானும்தான் கையை வச்சேன். நாளைக்கு ஆறு மணிக்கு எனக்குக் கையெழுத்து. பதினொரு மாசம் கான்ட்ராக்ட்ல கிடந்துட்டேன். பெர்மனன்ட் ஆனதும் நீயே போய்ச் சொல்லு, நான் தடுக்க மாட்டேன். ஒரே ஒரு நாள்கா."

அமுதவள்ளி அந்த ஒரு நாளைக் கொடுத்தாள். கொடுத்திருக்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அன்று கிள்ளானுக்குத் திரும்பும் வேன் முழுக்கத் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டிய கொட்டில் பேச்சே கேட்கவில்லை. மழைக்கு நடுவே தாடைகள் இறங்கும் சத்தம் மட்டும் எட்டுப் பக்கமும் கேட்டது. டப். டப். டப். ஆறாம் மேஜைச் சத்தம் மற்றவற்றைவிட வேகமாக இருந்தது. நான்கு மணிக்கு அமுதவள்ளியின் மேஜைக்கு ஒரு பெட்டி வந்தது. அதில் கைக்கான பள்ளம் இல்லை. தோள் இருந்தது. கழுத்து இருந்தது. முட்டியை மடித்து, தலையைக் கவிழ்த்து, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக. மொத்தமே ஒரு சாப்பாட்டு டப்பா அளவு.

அவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

மேனேஜர் ராமசுப்பிரமணியன் கெட்டவர் இல்லை. வியர்த்து ஈரமான அவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"பாஸ், நாங்கதான் கேமராவை ஏமாத்தினோம். மூணு வாரமா கையை வச்சோம். நான்தான் ஆரம்பிச்சேன். அது இப்ப எங்களையும் ஆர்டர்ல சேத்துடுச்சு. மெஷினை நிறுத்துங்க பாஸ்."

அவர் அதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

"எட்டு மேஜையில ஏழுல ரெட் இருக்கு, சரி. ஆறுல காலையிலிருந்து ஒண்ணுகூட இல்லையே. உன் தங்கச்சிதானே? டாப் இன்னிக்கு." விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனவர் நின்றார். "இது என்ன? கடைசிப் பெட்டி, அம்பத்திரண்டு கிலோ."

மழை.

"என்ன சைஸ் பாஸ்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அவள் அதற்குள் படியில் இருந்தாள்.

ஆறாம் மேஜையில் யாரும் இல்லை. மேஜை சுத்தம். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐந்தாம் மேஜை மலர் தன் வேலையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"எங்கடி அவ?"

"இங்கதான் இருந்தா அக்கா. பெட்டி வந்துச்சு. கையை வச்சா." மலர் அடுத்த பொருளைத் தராசில் வைத்தாள். "க்ரீன் வந்துச்சு. அவ்வளவுதான் பார்த்தேன்."

நகரும் பட்டையில் ஒரே ஒரு பெட்டி லோரி வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சின்னப் பெட்டி. பிரிக்பீல்ட்ஸில் யாரோ ஒருத்தியின் பெயரும் முகவரியும் ஒட்டியிருந்தது. ஓடிப் போய்ப் பிடித்தாள். தூக்கினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பக்கவாட்டில் அச்சடித்திருந்தது: காலி இடம், பூஜ்யம் சதவீதம்.

அட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

"தாமரை."

காதை வைத்தாள். உள்ளே ஒன்றும் உருளவில்லை, உரசவில்லை. உருள்வதற்கு இடமில்லை.

இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து ஒட்டுநாடாவில் வைத்தாள். ஒரு இழுப்பு. ஒரே இழுப்பில் திறந்துவிடலாம். கை இறங்கவில்லை. எந்தெந்த இடத்தில் மடித்திருக்கிறது என்று அவள் ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எதையெல்லாம் காலி என்று எடுத்துவிட்டது என்றும் தெரியும். இப்போதைக்குத் தாமரையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த அட்டை மட்டும்தான்.

மழைக்கு நடுவே பின்னால் மற்ற ஆறு தாடைகளும் இறங்கிக்கொண்டிருந்தன. பட்டை நகர்ந்தது. கத்தியை நாடாவில் வைத்தபடியே அமுதவள்ளி அதோடு பக்கத்தில் நடந்தாள். கத்தி நுனிக்குக் கீழே அந்தப் பெட்டியின் மேல்பக்கம் ஒரு நூலளவு உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது.