தவளைச் செருப்புக்கு ஒரு கொலை மிரட்டல்

போன் அடித்தது.

ஆபீஸ் மேஜையிலிருந்து பாங் இன்சோ அதைப் பாய்ந்து எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் மேங் பேசறேன். கதவைப் பூட்டிட்டீங்களா?"

"பூட்டிட்டேன் சார். மணி ரெண்டே முக்கால்..."

"கிளம்பிட்டேன். யார் தட்டினாலும் திறக்காதீங்க."

இன்சோ பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

'ஒன்பதாம் மாடி'. இன்சோ கதை எழுதிய வீடியோ கேம். அடுக்குமாடி வீடுகளில் ஒளிந்திருந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவதுதான் விளையாட்டு. கொரியாவே இணையத்தில் காறித் துப்பியது. அதற்காக வாதாடியவன் இன்சோ ஒருவன்தான்.

அறுபத்து மூன்று பெயர்களில்.

இன்று காலை ஒன்பது மணிக்கு, கேம் ரசிகர்கள் கூடும் இணையதளத்தில், வசவுகளுக்கு நடுவே அந்த வரிகள் முளைத்தன.

'கதை எழுதின கையும் உயிரும் எனக்கு வேணும். இன்னைக்கு மூணு மணி. பச்சைத் தவளைச் செருப்போட உட்கார்ந்திருக்கிறவனே... நீதான்.'

இன்சோ குனிந்து பார்த்தான். ஆபீசுக்குள் மட்டும் போடும், தவளை முகம் வைத்த செருப்பு. இரண்டு தவளைகளும் அவனை முழித்துப் பார்த்தன. அவற்றோடு அவன் லிஃப்ட் வரைக்கும்கூடப் போனதில்லை.

அப்படியென்றால்... பார்த்தவன் உள்ளே இருப்பவன்.

அந்தத் தளத்தில் உறுப்பினராகாமல் எழுதினால், எந்த இணைப்பிலிருந்து எழுதியது என்று காட்டும் ஐ.பி. எண்ணின் முதல் பாதி பெயருக்குப் பக்கத்தில் தெரியும். இன்சோ திரையை உற்றுப் பார்த்தான். மிரட்டலுக்குப் பக்கத்தில், நேற்று இதே ஆபீசிலிருந்து அவன் எழுதிய 'இந்த கேம் கொரியாவின் பெருமை' என்ற வரிக்குப் பக்கத்தில் இருந்த அதே எண்கள்.

ஊழியர்கள் வருவது பத்து மணிக்கு. ஒன்பதுக்கு இருந்தது இரண்டே பேர். அவனும்... முதலாளி குவாக்கும்.

மற்றவர்களை மதியமே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இப்போதும் மிச்சம் அதே இரண்டு பேர். முதலாளி சற்று முன்தான் வெளியே போயிருந்தார்.

பீப்... பீப்... பீப்...

வெளியே யாரோ பூட்டின் ரகசிய எண்ணை அழுத்துகிறார்கள்.

கதவு திறந்தது. குவாக். கையில் கத்தி.

"முதலாளி... வேணாம்..."

"கேக் வேணாமா? ஸ்ட்ராபெர்ரி போட்டது." மறு கையில் அட்டைப்பெட்டி. "காலையிலேர்ந்து நாப்பதாயிரம் பேர் கேமை வாங்கியிருக்கான். திட்டினவனெல்லாம் 'பாவம் அந்த எழுத்தாளர்'னு அழுவுறான். உன் அறுபத்து மூணு பேரும் ஒரு மாசமா கிழிக்காததை, ஒரே ஒரு மிரட்டல் கிழிச்சிருச்சு."

"நீங்களா எழுதினீங்க?"

"யார் எழுதினா என்ன? க்ரீம் இருக்கிற பக்கமா எடுத்துக்க."

சரியாக மூன்று மணிக்கு மேங் வந்தார். பின்னால் இரண்டு காவலர்கள்.

"மிரட்டல் இந்த ஆபீஸ் லைன்லேர்ந்துதான் போயிருக்கு. உங்க ரெண்டு பேர்ல யாரு?"

குவாக் பெருமூச்சு விட்டார். கத்தி முனை இன்சோவைக் காட்டியது.

"சொல்லவே கஷ்டமா இருக்கு சார். அறுபத்து மூணு பேரா நடிச்சவன். அறுபத்து நாலாவதா ஆக எவ்வளவு நேரமாகும்?"

மிரட்டல் பலித்திருந்தால் இன்சோவுக்குக் கையும் உயிரும்தான் போயிருக்கும். இப்போது வேலை, பெயர், வெளியுலகம்... எல்லாம் போகப் போகிறது. நியாயமாகப் பார்த்தால் அவனே அவனைச் சந்தேகித்திருப்பான்.

"ஆனாலும் என் ஆளு. நாட்டுக்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." குவாக் ஓர் உறையை நீட்டினார்.

மன்னிப்புக் கடிதம். கையால் எழுதியது. டைப் அடித்து வருந்தினால் அந்த ஊரில் யாரும் நம்புவதில்லை. நாலு பக்கம், முத்து முத்தான எழுத்து. கண்ணீர் பட்ட மாதிரி ஓரிடத்தில் மை கரைந்திருந்தது.

மேங் படித்தார்.

"'எங்கள் எழுத்தாளருக்கு வந்த கொலை மிரட்டலால் என் நெஞ்சு பிளந்தது'... பிரமாதம். எத்தனை தாள் வீணாச்சு?"

"பதினொண்ணு. எழுத்து அழகா வரணுமில்ல?"

"அதான் முன்னாடியே உட்கார்ந்துட்டீங்க. மிரட்டல் வந்தது இன்னைக்குக் காலையில. இதுக்குக் கீழே நேத்து தேதி."

கத்தி தரையில் விழுந்தது.

குவாக்குக்கு விலங்கு மாட்டும்போது இன்சோ மெல்ல வாயைத் திறந்தான்.

"சார்... நான் பாராட்டினதெல்லாம் மனசார எழுதினது. மூணாவது கட்டம் தாண்டினா நிஜமாவே பயமா இருக்கும்."

"அதை நம்பித்தான் வாங்கினேன். என் மாமியார் விளையாடிக்கிட்டே தூங்கிட்டாங்க."

மேங் குவாக்கின் பக்கம் திரும்பினார்.

"நாலு வெள்ளைத் தாள் எடுத்துக்கங்க முதலாளி. ஸ்டேஷன்லயும் வாக்குமூலத்தைக் கையாலதான் எழுதணும். தேதியை மட்டும் நான் போட்டுக்கறேன்."