கரடி யார் மடியில்

கேள்கரடி கனியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். உப்பு ஒட்டிய காலைக்கூடக் கழுவாமல் அய்யாத்துரை வாசலிலேயே நின்று பார்த்தான். போன மாதம் வரைக்கும் மகளுக்கு விலங்குக் கதை வாசித்தது அவன்தான்.

புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த இயந்திரம் அது. ஆட்டுக்குட்டி உயரம், சூடான வயிறு, காதுக்குள் ஒரு தடுமாற்றமானி. வாசிக்கிறவர் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால், எழுந்து வந்து மடியில் தலை வைத்துக் காத்திருக்கும். திட்டாது. சொல்லியும் கொடுக்காது. வீட்டில் யார் அதிகம் தடுமாறுகிறாரோ, அவர் பக்கம்தான் போகும்.

"ஏட்டி, இன்னைக்கு நான் வாசிக்கட்டா?"

"நீ வாசிச்சா யானை ஆத்தைக் கடக்க அமாவாசை ஆயிரும். போப்பா, கரடி கேக்குது."

விரல் வெடிப்பில் உப்பு இறங்கியதுபோல் எரிந்தது அவனுக்கு. உப்பு வாரும் இயந்திரத்தின் எச்சரிக்கைப் பலகையைப் படிக்க வேண்டுமென்று முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவன்.

மறுநாள் மழை. உப்பளத்தில் வேலையில்லை. கனி பள்ளிக்கூடம் போனதும் கரடியை ஓர் உதை விடத்தான் பக்கத்தில் போனான். என்ன தோன்றியதோ, புத்தகத்தை எடுத்தான்.

"மு... த... லை..."

அடுத்த சொல் வரவில்லை. கரடி எழுந்து வந்து மடியில் தலையை வைத்தது. அவன் ஒரு சொல்லை முடிக்கட்டும் என்று இத்தனை நேரம் யாரும் அவனுக்காகக் காத்திருந்ததில்லை. அன்று மத்தியானச் சோற்றையே மறந்துவிட்டான்.

சாயங்காலம் கனி ஒரு பக்கத்தைத் தண்ணீராக வாசித்தாள். கரடி அவன் காலடியை விட்டு அசையவில்லை.

"யப்பா, என் கரடிய என்ன செஞ்ச?"

"நான் என்ன செஞ்சேன்? அதுக்கு என்னையப் பிடிச்சிருக்கு." சொல்லும்போதே சிரிப்பு வந்தது. பத்து வயதுப் பிள்ளையை ஜெயித்த சிரிப்பு.

ஒரே வாரத்தில் கனி 'முதலை'யில் திக்கினாள். பிறகு 'ஆடு'கூட வரவில்லை. டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பிள்ள மட்டுமில்ல அண்ணாச்சி. நல்லா வாசிச்ச அத்தன பேரும் இப்ப வேணும்னே திக்குதாங்க. நல்லா வாசிச்சா கரடி தம்பி தங்கச்சிகிட்ட போயிருதாம். உங்க வீட்டுல வேற யாரும் அதுக்கு வாசிக்காங்களா?"

"இல்ல டீச்சர்."

பொய் நாக்கில் கரித்தது. மகளின் படிப்பையே அல்லவா தின்றுகொண்டிருக்கிறான்? தான் திக்காமல் வாசித்துவிட்டால் கரடி அவளிடமே திரும்பிவிடும். முதலைக் கதையின் முதல் பக்கத்தை நான்கு நாள் அளத்து வரப்பில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். ஐந்தாம் நாள் காலையில் குளிக்கும்போதுகூடச் சொன்னான்.

அன்று சாயங்காலம் அவளை எதிரில் உட்காரவைத்து வாசித்தான். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். திரும்பிக் குனிந்தபோது எழுத்துகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. விரல் நின்றது.

கரடி எழுந்து நேராக அவன் மடிக்கு வந்தது.

கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. "காலையில குளிக்கும்போது மளமளன்னு சொன்னியே, நான் கேட்டேன். என்னைய மாதிரியே நீயும் நடிக்கிற. நடிக்காதப்பா!"

"நடிக்கல பிள்ள" என்று சொல்லக் கூசியது. விரலை எடுக்காமல் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கரடி காத்திருந்தது.