ஏசுவதற்கு ஒரு மொழி

பலேர்மோவில் இருக்கும் ஒரு கிழவரை நான் ஏச வேண்டும். அதுவும் நன்றாக ஏச வேண்டும். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இத்தாலியன் தெரியாது. இந்தக் கோபத்தோடுதான் அன்று பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சின்னப் படிவம். தரம் ஏழு மாணவிகள் வியாழக்கிழமைகளில் ஜேர்மன் படிக்கலாம், அல்லது இத்தாலியன் படிக்கலாம். ஒன்றுக்குத்தான் சரி போட வேண்டும்.

அப்பா யோசிக்கவே இல்லை. பென்சிலை எடுத்து ஜேர்மனுக்குச் சரி போட்டார்.

"ஏனப்பா என்னட்டக் கேக்காமப் போட்டீங்க?"

"மாமா ஜேர்மனியில இரிக்கார். நாளைக்கு நீயும் அங்க போய்ப் படிக்கலாம் ஷெரோன். இத்தாலியன் படிச்சு என்ன செய்யப்போறாய்?"

"ஏசப்போறன்."

"ஆர?"

"சினியோர."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா பலேர்மோவில் சினியோர் பாவ்லோவின் வீட்டில் வேலை செய்கிறார். அந்தக் கிழவருக்கு எண்பத்துமூன்று வயது. எழுந்து நடக்க முடியாது. அவரைக் குளிப்பாட்டுவது, அவருக்குச் சமைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் அம்மாதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அம்மா வீடியோவில் வருவார். தன்னாமுனையில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் நான் வாவிக் கரைக்கு ஓடிப்போய், அப்பாவின் தோணியில் ஏறி உட்கார்ந்து காத்திருப்பேன்.

பேசத் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகாது. அங்கே மணி அடிக்கும். கிணிங், கிணிங், கிணிங்.

"கூப்பிடுறார் மகள். வைக்கிறன்."

அவ்வளவுதான். அம்மா போய்விடுவார். இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். என் பிறந்தநாளுக்கு அம்மா பாட்டுப் பாடினார். பாதிப் பாட்டில் கிணிங். அன்று தோணிப் பலகையில் ஓங்கிக் குத்தினேன். கைதான் வீங்கியது.

அப்பா போட்ட சரியை அழிறப்பரால் அழித்தேன். இத்தாலியனுக்குப் பேனாவால் சரி போட்டேன். 'தெரிவுசெய்த காரணம்' என்ற இடத்தில், 'ஒருவரை ஏசுவதற்கு' என்று எழுதினேன்.

அடுத்த நாள் என் தோழி மேனுகா கொதித்தாள்.

"எல்லாரும் ஜேர்மன்தான் கா. உனக்கு எனக்குப் பக்கத்தில இடம் பிடிச்சு வச்சன். நீ மட்டும் அங்கால போறியா?"

"ஓம், போறன்."

"அப்ப என்னோட கதைக்காத."

"நீயும் கதைக்காத."

இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

இத்தாலியன் வகுப்பில் நாங்கள் ஐந்தே பேர். றீற்றா ரீச்சர் படிவங்களைப் புரட்டிக்கொண்டு வந்தவர், ஒன்றில் நின்றுவிட்டார்.

"ஒருவரை ஏசுவதற்கு. இத எழுதினது ஆர்?"

"நான்தான் ரீச்சர்."

"ஏசுறதெண்டாலும் முதல்ல வணக்கம் சொல்லத் தெரியவேணும். இரி."

முதல் வாரம் வணக்கம். இரண்டாம் வாரம் பெயர். மூன்றாம் வாரம் 'நோன் கப்பிஸ்கோ'. எனக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். ரீச்சர் கடகடவென்று பேசுவார். நாங்கள் ஐந்து பேரும் திருதிருவென்று விழித்துக்கொண்டு அதையே சொல்வோம். எதுவும் விளங்காமல் அப்படி உட்கார்ந்திருக்க எனக்கு அழுகையே வரும். ஏச்சு மட்டும் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

கடைசியில் போனில் அகராதி பார்த்து நானே கொப்பியில் நான்கு வசனம் எழுதினேன். உங்களுக்கு இரக்கம் இல்லையா? அவர் என் அம்மா. உங்கள் அம்மா இல்லை. அந்த மணியைத் தூக்கிக் கடலில் எறியுங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, கொப்பியோடு தோணியில் உட்கார்ந்தேன். அம்மா வந்தார். மூன்றாவது நிமிடம், கிணிங்.

"அம்மா, போன அவரிட்டக் குடுங்க."

"விசரா மகள் உனக்கு? ஏதும் சொல்லி என்ட வேலை போனா?"

"படிச்சதக் காட்டத்தான் அம்மா. வணக்கம் சொல்லுறன்."

அது பாதிப் பொய். அம்மா தயங்கித் தயங்கிப் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒடுங்கிய முகம். வெள்ளை முடி. கையில் அந்த மணி. அதைப் பார்த்ததும் என் காதெல்லாம் சூடாகியது. கொப்பியை விரித்தேன். வணக்கத்தோடு தொடங்கினேன்.

"புவோன்ஜோர்னோ, சினியோரே."

கிழவரின் வாய் பிளந்தது. மணியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கடகடவென்று ஏதோ பேசினார்.

"நோன் கப்பிஸ்கோ," என்றேன்.

அவர் நிறுத்தினார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். என்னைக் காட்டினார், அம்மாவைக் காட்டினார். நீங்கள் பேசுகிறீர்கள். சிரிக்கிறீர்கள். தன் நெஞ்சைத் தொட்டு, "நோன் கப்பிஸ்கோ," என்றார்.

அதற்காகத்தான் மணியாம். எனக்கு இன்னும் கோபம் வந்தது. விளங்காவிட்டால் மணி அடிப்பதா? வியாழக்கிழமை வகுப்பில் எனக்கும்தான் ஒன்றும் விளங்குவதில்லை. நான் மணியா அடிக்கிறேன்?

ஆனால் வகுப்பு ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நான் எழுந்து வெளியே ஓடிவிடுவேன். இவரால் எழவே முடியாது. மணியைக் கடலில் எறியச் சொன்னாலும் அடுத்த ஞாயிறு சுவரில் தட்டுவார். நான் கொப்பியை மூடினேன்.

பத்து விரலையும் காட்டினேன். தெரிந்த சொற்களை ஒட்டிச் சொன்னேன். பத்து நிமிடம், நீங்களும் நானும். பிறகு அம்மாவும் நானும். மணி இல்லை.

கிழவர் ஒரு கையை மூன்று தரம் விரித்தார். பதினைந்து.

நான் தலையை ஆட்டினேன். பத்து.

அவர் மணியைப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். மீன் சந்தையில் பேரம் பேசுவதுபோல் இழுபறிப்பட்டு, பன்னிரண்டில் வந்து நின்றோம். பின்னால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு நிமிடமும் கிழவர் என் உச்சரிப்பைத் திருத்தினார். றீற்றா ரீச்சரே பரவாயில்லை. நேரம் முடிந்ததும் போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

மூன்று நிமிடம் ஆனது. ஐந்து ஆனது. மணி அடிக்கவில்லை. அம்மா கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மா தொடங்கினார்.

"கணக்குக்கு ஏன் நாப்பத்திரண்டு? தலைய ஏன் இப்பிடி விரிச்சுப்போட்டிரிக்காய்? மேனுகாவோட என்ன கோவம் உனக்கு? நாளைக்கே போய்க் கதைக்கவேணும். நகத்தக் காட்டு பாப்பம்."

அது நாற்பது நிமிடம் போனது. வேறு யாராவது அப்படி ஏசியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்று ஒரு வார்த்தைகூடத் திருப்பிப் பேசவில்லை. இரண்டு வருஷத்து ஏச்சையும் ஆசை தீரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.