முதுகுக் கொக்கி

தங்கை புதிதாகக் குடிவந்திருந்த பழைய வீட்டுக்குள் பெயிண்டர் பல்லி நுழைந்தபோது பட்டப்பகல். ஆனாலும் கூடத்தில் இருட்டு. பூஞ்சை வாடை மூக்கைத் துளைத்தது. சுவரில் ஆணி அடித்தாயிற்று. செத்துப்போன புருஷனின் படத்தை மாட்ட அண்ணன்தான் வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

"எனக்கு எட்டல அண்ணே. ஸ்டூல்ல ஏறி மாட்டிடு."

ஸ்டூல் இரண்டடி உயரம். பார்த்ததுமே அவனுக்கு உள்ளங்கால் கூசியது.

பதினைந்து வருடமாக உயர்ந்த கட்டடங்களுக்கு வெளியே, தொங்கும் பலகையில் நின்று பெயிண்ட் அடித்தவன் அவன். சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால் பல்லி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பன்னிரண்டாவது மாடியில் சாவகாசமாக சிகரெட் பற்றவைத்த ஆளுக்கு இப்போது மாடிப்படி ஏறினாலே வியர்க்கிறது. ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. கூடவே பலகையில் நின்ற மாப்பிள்ளை, தங்கையின் புருஷன், கண்ணெதிரே விழுந்து செத்தால் யாருக்குத்தான் பயம் வராது என்று ஊரே பரிதாபப்படுகிறது.

நடந்தது அவனுக்குத்தான் தெரியும். பெல்ட்டின் வளையம் முதுகுப்பக்கம் இருக்கும், கை எட்டாது. அதனால் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை ஒருவருக்கு மற்றவர்தான் மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, 'மாட்டியாச்சு' என்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பன்னிரண்டாவது மாடியில் பெயிண்ட் வாளியை மாட்ட இடமில்லாமல் பல்லிக்குக் கை வலித்தது. ஒரு நிமிடம்தானே என்று, மாப்பிள்ளையின் வளையத்தில் மாட்ட வேண்டிய கொக்கியில் அதைத் தொங்கவிட்டான்.

"மாட்டியாச்சா மச்சான்?" என்றான் மாப்பிள்ளை, திரும்பிப் பார்க்காமல்.

"மாட்டியாச்சு." பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது.

மாப்பிள்ளை கால் தவறி விழுந்தபோது, கொக்கியில் நீல பெயிண்ட் வாளி மட்டும் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கொக்கி மாட்டுவதே மாப்பிள்ளைக்குப் பிடிக்காது என்று கீழே கூடியவர்களிடம் கூசாமல் சொன்னான். தங்கையிடமும் அதையேதான் சொன்னான்.

படத்தை வாங்கிக்கொண்டு ஏறினான். தங்கை இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு இருக்கிற பயத்துல பாதி அந்த மனுஷனுக்கு இருந்திருந்தா நான் இப்படி நிப்பேனா? அலட்சியம் பிடிச்ச ஆளு. சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

இப்போதாவது சொல்லித் தொலையேன் என்றது மனசு. வாயைத் திறந்தான்.

முதுகில், வளையம் இருக்கும் இடத்தில், ஓர் இழுப்பு.

இன்னொன்று.

குனிந்து பார்த்தான். தங்கையின் இரண்டு கைகளும் ஸ்டூலில்தான் இருந்தன.

ஈரப் பெயிண்ட் வாடை குப்பென்று அடித்தது. காதோரம் யாரோ மூச்சுவிட்டார்கள்.

"மாட்டியாச்சு மச்சான்."

படத்தை எப்படியோ ஆணியில் மாட்டிவிட்டுக் குதித்தான்.

"என்ன அண்ணே இது, முதுகெல்லாம் நீலமா? ஈரமா வேற இருக்கு. நீதான் பிரஷ்ஷையே தொடறதில்லையே?"

"வாசக்கதவுல சாஞ்சிருப்பேன்."

பொய் இந்தத் தடவையும் தடங்கலில்லாமல் வந்தது.

"கதவுக்கு இன்னும் பெயிண்டே அடிக்கலையே" என்றாள் தங்கை.

தரையில்தான் நின்றுகொண்டிருந்தான். மறுபடியும் முதுகில் இரண்டு இழுப்பு. குனிந்து பார்த்தான், காலுக்குக் கீழே பன்னிரண்டு மாடி ஆழம்.